ஏட்டில் பிறந்த ஊர்கள்

ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பது நம் முன்னோர் வாக்கு. ஏட்டில் எழுதப்பட்ட சுரைக்காயைப் பறித்துக் கறி சமைக்க முற்பட்ட சிலரின் வரலாறே இக்கட்டுரையின் பொருள். அமெரிக்க நாட்டில் 1948ஆம் ஆண்டு உளவியல் பேராசிரியர் ஒருவர் புதினம் ஒன்றை வெளியிட்டார். அதில் அவர் கற்பனையாகப் படைத்துக் காட்டிய ஊரை, உண்மையான மண்ணில், உண்மையான மனிதரைக் கொண்டு எழுப்பிவிட வேண்டும் என்று சிலர் 1960களில் புறப்பட்டனர். அவர்கள் எழுப்பிய ஊர்களுள் சில கலைந்தன, சில உருமாறின, ஒன்று அரை நூற்றாண்டைக் கடந்தும் நிலைத்து நிற்கின்றது.

கடல் கடந்த நாட்டில் நிகழ்ந்த இம்முயற்சிகள் நமக்கு எதற்கு என்று அன்பர்கள் வினவக்கூடும். பொது அமைப்பு ஒன்றை நடத்திப் பார்த்தவர்க்கு விடை எளிதில் விளங்கும். பொங்கல் விழாவுக்கு மேடை அமைக்க இருபது பேர் முன்வருவர். விழா முடிந்து, பந்தி கலைந்தபின், பாத்திரம் துலக்க இருவர் மூவரே எஞ்சி நிற்பர். ஆண்டுதோறும் எஞ்சுபவரும் அந்த இருவர் மூவராகவே இருப்பர். இந்நிலையை மாற்ற மனிதரின் நல்லெண்ணத்தை நம்புவதா, அன்றி நல்லதோர் ஏற்பாட்டை நம்புவதா? இவ்வினாவுக்குத் தம் வாழ்நாளையே விலையாகக் கொடுத்து விடை தேடியவர்கள் அவ்வூர்க்காரர்கள். ஆதலின் அவர்கள் கண்டதை நாமும் அறிந்துகொள்ளுதல் நன்று.

பேராசிரியரும் புதினமும்

பி. எப். ஸ்கின்னர் 1904ஆம் ஆண்டு பென்சில்வேனியா மாநிலத்தில் சஸ்குவெஹானா என்னும் சிற்றூரில் பிறந்தவர். இளமையில் எழுத்தாளராக விரும்பி, அம்முயற்சி கைகூடாமல், உளவியலின் பக்கம் திரும்பியவர். அத்துறையில் 1913ஆம் ஆண்டிலேயே ஜான் வாட்சன் என்பார் ஒரு புதுக் கொள்கையை அறிவித்திருந்தார். உள்ளத்துக்குள் நிகழ்வதை ஊகித்து உரைப்பதை விடுத்து, புறத்தே கண்ணால் காணவும் அளக்கவும் கூடிய நடத்தையையே உளவியல் ஆராய வேண்டும் என்பது அவர் கொள்கை. அதனை நடத்தையியல் என்பர்.

ஸ்கின்னர் அக்கொள்கையைத் தம் ஆய்வுக்கூடத்தில் வளர்த்தெடுத்தார். பெட்டிக்குள் விடப்பட்ட எலி தற்செயலாக ஒரு நெம்புகோலை அழுத்துகின்றது. உடனே ஒரு துணுக்கு உணவு விழுகின்றது. மீண்டும் அழுத்துகின்றது, மீண்டும் உணவு. நாளடைவில் அழுத்துதலே அதன் வழக்கமாகிவிடுகின்றது. ஒரு செயலின் விளைவே அச்செயல் மீண்டும் நிகழுமா என்பதை உறுதி செய்கின்றது என்பதே அவர் கண்ட அடிப்படை. இவ்வாறு ஒரு செயலை நிலைபெறச் செய்யும் விளைவுக்கு வலுவூட்டல் என்று பெயர். ஒறுத்தல் ஒரு செயலைத் தற்காலிகமாக அடக்குமேயன்றி, நல்ல பழக்கத்தை உண்டாக்காது என்பதும் அவர் வலியுறுத்திய கருத்து. அடியாத மாடு படியாது என்று வழிவழியாக நம்பி வந்த உலகுக்கு இக்கருத்து புதுமையாகவே இருந்தது.

1945ஆம் ஆண்டு, இரண்டாம் உலகப் போர் முடியும் தறுவாயில், இரவு விருந்தொன்றில் எழுந்த பேச்சே அவருடைய புதினத்துக்கு வித்திட்டது. போர்முனையிலிருந்து திரும்பும் இளைஞர்கள் தம் இலட்சிய வேகத்தை இழந்து, பழைய தடத்திலேயே வாழ்வைத் தொடங்கிவிடுவரே என்று அவர் வருந்தினார். வேறென்ன செய்யலாம் என்று உடனிருந்த நண்பர் வினவினார். சென்ற நூற்றாண்டில் அமெரிக்காவில் பலர் செய்ததைப்போல், புதிய கூட்டு வாழ்வுக் குடியிருப்புகளை அமைத்து வாழ்ந்து பார்க்கலாம் என்பது அவர் விடை. 1825இல் இராபர்ட் ஓவன் தொடங்கிய நியூ ஹார்மனி, 1848இல் தோன்றிய ஒனைடா போன்றவை அத்தகையன. முன்னது ஈராண்டளவில் குலைந்தது. பின்னது 1881இல் ஒரு வணிக நிறுவனமாக மாறிற்று. நடத்தை பற்றிய அறிவியல் கைக்கு வந்துவிட்ட காலத்தில் அம்முயற்சியை மீண்டும் செய்து பார்த்தால் என்ன? அவ்வெண்ணத்தையே அவ்வாண்டின் கோடையில் ஸ்கின்னர் ஒரு கதையாக எழுதினார். மூன்றாண்டு கழித்து அது ‘இரண்டாம் வால்டன்’ என்னும் பெயருடன் வெளிவந்தது.

பெயரின் பொருளை ஈண்டுச் சொல்லிவிடுதல் தகும். அண்ணல் காந்தியடிகளின் வாயிலாக நம் நாட்டார் நன்கறிந்த தோரோ, 1845ஆம் ஆண்டு வால்டன் என்னும் குளக்கரையில் குடிலமைத்து இரண்டாண்டுக் காலம் எளிய வாழ்வு வாழ்ந்தார். அவ்வாழ்வைப் பற்றிய அவர் நூல் 1854இல் வெளிவந்தது. தோரோவின் வால்டன் ஒருவருக்கான துறவு. ஸ்கின்னரின் வால்டன் ஏறத்தாழ ஆயிரம் பேருக்கான ஊர்.

புதினத்து ஊர்

கதையின் போக்கு மிக எளிது. பேராசிரியர் ஒருவர், மெய்யியல் ஆசிரியரான தம் நண்பருடனும் இளைஞர் சிலருடனும் அவ்வூரைக் காணச் செல்கின்றார். அதை நிறுவிய பிரேசியர் என்பவர் அவர்களுக்கு ஒவ்வொன்றாகச் சுற்றிக் காட்டி விளக்குகின்றார். நூலின் பெரும்பகுதி அவர்களுடைய சொற்போரே.

அவ்வூரில் பணம் இல்லை. அதற்கு ஈடாக உழைப்பு வரவு என்னும் கணக்கு உண்டு. ஒவ்வொருவரும் நாளொன்றுக்கு நான்கு வரவு ஈட்டினால் போதும். உண்டி, உடை, உறையுள், கல்வி, மருத்துவம் அனைத்தும் ஊரின் பொறுப்பு. எல்லா வேலைக்கும் வரவு ஒன்றன்று. சாக்கடை தூய்மை செய்பவருக்கு மணிக்கு ஒன்றரை வரவு; பலரும் விரும்பும் இனிய வேலைக்கு முக்கால் அளவே. எந்த வேலைக்கு ஆள் வருவதில்லையோ அதன் வரவு உயரும்; எதற்குப் பலர் முந்துகின்றனரோ அதன் வரவு தாழும். இழிந்த வேலை என்று ஒன்றை ஒதுக்கி, அதை ஒரு சாராரின் தலையில் பிறப்பினாலேயே சுமத்திவிட்ட நம் நாட்டு வரலாற்றை நினைப்பவர்க்கு, இக்கணக்கின் நேர்மை நெஞ்சைத் தொடாமற் போகாது.

குழந்தைகள் ஊரின் பொதுப் பிள்ளைகளாக வளர்கின்றனர். தன்னடக்கம் அவர்களுக்கு உபதேசமாக அன்றிப் பயிற்சியாகவே அளிக்கப்படுகின்றது. மூன்று நான்கு வயதுக் குழந்தையின் கையில் சர்க்கரைப் பொடி தூவிய குச்சி மிட்டாயைக் காலையில் கொடுத்துவிடுவர். மாலைவரை நாவால் தீண்டாதிருந்தால் அதை உண்ணலாம். ஒருமுறை நக்கினாலும் பொடி கலைந்து காட்டிவிடும்.

புல்வெளியில் மேயும் ஆடுகளைப் பற்றியும் ஒரு காட்சி வருகின்றது. முதலில் மின்சாரம் பாயும் வேலி கட்டியிருந்தனர். ஆடுகள் அதனைத் தொடாதிருக்கக் கற்றபின் வேலியை நீக்கிவிட்டு வெறும் கயிற்றைக் கட்டினர். ஆடுகள் கயிற்றையும் தாண்டவில்லை. இக்கயிற்றை அன்பர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகின்றோம்; பின்னர் இதற்குத் திரும்புவோம்.

ஊரை ஆள்பவர் திட்டமிடுவோர் அறுவர். அவர்களுக்குக் கீழே துறைதோறும் மேலாளர் உண்டு. திட்டமிடுவோரை ஊரார் வாக்களித்துத் தேர்வதில்லை. மக்கள் மகிழ்வாக இருக்கும்போது வாக்கு எதற்கு என்பது பிரேசியரின் வாதம்.

நூல் வெளிவந்து பத்துப் பன்னிரண்டு ஆண்டுகள் வரை அதனைச் சீண்டுவார் மிகச் சிலரே. 1960களில் நிலைமை மாறிற்று. வியட்நாம் போரும், நகர வாழ்வின் சலிப்பும், பொருளாசையில் எழுந்த வெறுப்பும் இளைஞரைப் புதுவாழ்வு தேடச் செய்தன. நூல் இலட்சக்கணக்கில் விற்பனையாயிற்று.

இரட்டை ஓக் மரங்களின் நிழலில்

லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் அலுவலகப் பணியில் இருந்த கேத்லீன் கின்கேடு என்னும் அம்மையார் இந்நூலைப் படித்தார். இப்படியோர் ஊர் எங்கேனும் உண்மையில் இருக்குமாயின் உடனே சென்று சேர்ந்துவிட வேண்டும் என்று துடித்தார். அத்தகைய ஊர் எங்கும் இல்லை. ஆகவே ஒன்றை உண்டாக்க முனைந்தோரைத் தேடிச் சென்றார். வாஷிங்டன் நகரில் ஒரு வீட்டில் கூடி வாழ்ந்து பார்த்த சிறு குழுவில் இணைந்தார்.

1966ஆம் ஆண்டு மிச்சிகன் மாநிலத்தில் இந்நூலின் அன்பர்கள் மாநாடு ஒன்றைக் கூட்டினர். உளவியல் கற்றோர் பலர் வந்திருந்தனர். பெரும்பொருள் திரட்டி, வல்லுநர் கொண்டு வரைபடம் தீட்டி, பேரூர் ஒன்றை அமைக்கும் திட்டங்கள் பேசப்பட்டன. அப்பேரூர் எழவில்லை. பொருளும் வல்லுநரும் வரும்வரை காத்திருக்க மனமில்லாத சிலர், இருப்பதைக் கொண்டு தொடங்கிவிடுவது என்று துணிந்தனர்.

1967 ஜூன் 16 அன்று, வர்ஜீனியா மாநிலத்தின் லூயிசா வட்டாரத்தில், 123 ஏக்கர் பரப்புள்ள புகையிலைப் பண்ணையில் எண்மர் குடியேறினர். கின்கேடு அவர்களுள் ஒருவர். ஊருக்கு ‘ட்வின் ஓக்ஸ்’ என்று பெயரிட்டனர். இரட்டை ஓக் மரங்கள் என்பது அதன் பொருள். உழவு அறிந்தவர் அவர்களுள் அரியர். நடத்தையியல் அறிஞர் என்று சொல்லத்தக்கவர் ஒருவரும் இலர். நூலும் ஆர்வமுமே அவர்களின் முதல்.

புதினத்தில் பிரேசியருக்கு இல்லாத இடர் ஒன்று இவர்களை முதல் நாளே எதிர்கொண்டது; அதுதான் வறுமை. உறுப்பினர்கள் முறைவைத்து நகரங்களுக்குச் சென்று கூலி வேலை செய்து பணம் கொணர்ந்தனர். பின்னர் மரங்களிடையே கட்டிப் படுக்கும் கயிற்றூஞ்சல் பின்னும் தொழில் கைகொடுத்தது. நெடுங்காலம் ஊரைத் தாங்கியது அத்தொழிலே. பின்னாளில் சோயாக் கட்டி செய்தலும், நூல்களுக்குச் சொல்லடைவு ஆக்கித் தருதலும் அதனுடன் சேர்ந்துகொண்டன.

புதினத்தில் கண்டபடியே திட்டமிடுவோரும் மேலாளரும் அமர்த்தப்பெற்றனர். ஆனால் திட்டமிடுவோர் மூவர், அதுவும் பதினெட்டுத் திங்கள் மட்டுமே. ஒழுக்க விதிகளும் வகுத்தனர். பட்டப்பெயரோ பதவிப்பெயரோ சொல்லி ஒருவரையொருவர் அழைத்தல் கூடாது. யார் முன்னே வந்தவர், யார் பின்னே வந்தவர் என்று பேசுதல் கூடாது. தம் பெருமை பேசுதலும், இல்லாதவரைப் பழித்துரைத்தலும் ஆகா. ஒருவரின் வேலையைக் கற்க விரும்பும் எவருக்கும் அதனை விளக்கிச் சொல்லுதல் கடமை. பிறர்மீது மனக்குறை கொண்டவர் அதை எழுதிப் போட ஒரு பெட்டி வைத்தனர். அக்குறையை உரியவரிடம் சென்று பக்குவமாகச் சொல்லுவதற்கென்றே ஒருவரை அமர்த்தினர். புறங்கூறுதல் என்னும் நோய்க்கு இத்தகைய மருந்தை நம் சங்கங்களும் கைக்கொண்டால் எத்துணைப் பிளவுகள் தவிர்ந்திருக்கும் என்று எண்ணாமல் இருக்க இயலவில்லை!

வரவேடு படிப்பித்த பாடம்

ட்வின் ஓக்ஸ் ஊரார் புதினத்திலிருந்து எடுத்துக்கொண்டவற்றுள் தலையாயது உழைப்பு வரவு. அதனை அவர்கள் நூலினும் நுட்பமாகச் செய்து பார்த்தனர். விரும்பாத வேலைக்கு மிகுந்த வரவு என்பது விதி. ஆனால் ஒருவர் வெறுப்பதை மற்றொருவர் விரும்புவார். ஒருவருக்குப் பாத்திரம் துலக்குதல் பாரம், மற்றொருவருக்கு அதுவே ஓய்வு. எனவே அவரவர் விருப்பு வெறுப்பைப் பட்டியலிடச் செய்து, அதற்கேற்ப வரவை ஏற்றியும் தாழ்த்தியும் பார்த்தனர். கணக்கு நாளுக்கு நாள் சிக்கலாயிற்று. ஒரே வேலையை அருகருகே நின்று செய்யும் இருவருள் ஒருவருக்குக் கூடுதல் வரவு ஏன் என்ற கேள்வியும் எழுந்தது.

இறுதியில் 1970களிலேயே அவர்கள் எளிய முடிவொன்றுக்கு வந்தனர். எவ்வேலையாயினும் ஒரு மணி நேரத்துக்கு ஒரு வரவு. சமையலும், குழந்தை பேணலும், துணி வெளுத்தலும், ஊஞ்சல் பின்னலும், கணக்கெழுதலும் ஒரே மதிப்புடையன. வாரத்துக்கு ஏறத்தாழ நாற்பது மணி நேரம் அனைவர்க்கும் பொது. புதினத்தின் நான்கு மணி நேர நாள் கனவாகவே நின்றது. ஆயினும் வெளியுலகில் கூலியின்றி வீட்டுக்குள் மறைந்து கிடக்கும் வேலைகள் யாவும் இந்நாற்பதுக்குள் அடங்கும் என்பதை மறத்தல் ஆகாது. அடுக்களையில் கழியும் பொழுதும் உழைப்பே என்று ஏட்டில் எழுதி வைத்த ஊர் அது. பெண்டிர் பலர் அங்கு நிலைத்து வாழ்ந்தமைக்கு இதுவும் ஒரு காரணம் என்று கருத இடமுண்டு.

ஈண்டு ஒரு மாற்றத்தைக் கூர்ந்து நோக்குதல் வேண்டும். ஸ்கின்னரின் எண்ணத்தில் வரவு என்பது மனிதரை ஒரு வேலையின்பால் ஈர்க்கும் வலுவூட்டல். ட்வின் ஓக்ஸில் அஃது அவ்வாறு நிற்கவில்லை. யாரும் யாரையும் சுரண்டவில்லை என்பதற்குச் சான்றாக நின்றது. பெயர் ஒன்றே; பொருள் மாறிவிட்டது. ஆய்வுக்கூடத்துக் கருவி நீதியின் அளவுகோலாயிற்று.

மாணவர் இல்லமும் ஏரிக்கரையும்

அப்படியாயின் வலுவூட்டல் என்னும் கொள்கையே பொய்யோ எனின், அன்று. கன்சாஸ் மாநிலத்தில் லாரன்ஸ் நகரத்துப் பல்கலைக்கழகத்தைச் சார்ந்து, 1969ஆம் ஆண்டு, ஏறத்தாழ முப்பது மாணவர் கூடி வாழும் இல்லம் ஒன்று தொடங்கப்பெற்றது. ‘சூரியகாந்தி இல்லம்’ என்னும் பொருளுடைய பெயர் அதற்கு. பேராசிரியர் கீத் மில்லர் அதன் அமைப்பை வகுத்தார். பெருக்குதல், சமைத்தல், துலக்குதல் முதலான வேலைகளைத் தனித்தனியே பிரித்து, எது செய்தால் வேலை முடிந்ததாகும் என்று எழுதி வைத்தனர். உடன் வாழும் மாணவரே ஒருவர் நாள்தோறும் பார்வையிட்டுக் குறிப்பார். முடித்த வேலைக்கு வரவு. வரவுக்கேற்ப வாடகையில் தள்ளுபடி.

பின்னர் அவர்கள் ஒரு சோதனை செய்தனர். வேலை முடிந்தாலும் முடியாவிட்டாலும் வரவு உண்டு என்று சில காலம் விட்டுப் பார்த்தனர். அதே மாணவர், அதே வீடு, வேலை சரிந்தது. பழைய முறையை மீண்டும் கொண்டுவந்தனர், வேலையும் மீண்டது. 1976இல் இம்முடிவுகள் ஆய்விதழில் வெளியாயின. நல்லெண்ணம் மட்டும் போதாது, ஏற்பாடும் வேண்டும் என்பதை இதனினும் தெளிவாகக் காட்டுதல் அரிது. நம் பாத்திரக் கதையின் ஒரு பாதிக்கு விடை இது.

மறு பாதிக்கு வேறோர் ஊரைக் காண வேண்டும். மிச்சிகன் மாநிலத்துக் கலமசூ நகருக்கு அருகே 1971இல் ‘ஏரிக்கரைச் சிற்றூர்’ என்று பொருள்படும் பெயருடன் ஒரு குடியிருப்பு தோன்றியது. நிறுவியவர் ரோஜர் உல்ரிச் என்னும் பேராசிரியர். எலிகளுக்கு மின்னதிர்ச்சி கொடுத்தால் அவை ஒன்றையொன்று தாக்கும் என்பதை 1960களின் தொடக்கத்தில் ஆராய்ந்து புகழ் பெற்றவர். வலியில் இருக்கும் விலங்கு தாக்கும் என்று தாம் கண்டறிந்ததைத் தம் தாயிடம் சொன்னாராம். அது நமக்கு முன்பே தெரியுமே, வலியுற்ற விலங்கின் அருகே போகாதே என்று உன் தாத்தா எப்போதும் எச்சரிப்பாரே என்னும் கருத்துப்பட அத்தாய் விடையிறுத்தாராம். இதனை 1978இல் உல்ரிச் தாமே எழுதி வெளியிட்டார். விலங்குகளுக்கு வலி தரும் ஆய்வை அவர் கைவிட்டார். மக்களை வகுத்து வார்க்கும் எண்ணமும் அவரிடம் தளர்ந்தது. அமெரிக்கத் தொல்குடியினரின் வாழ்வு நெறியில் ஈடுபாடு கொண்டார். மண்ணோடும் மனிதரோடும் வாழ்ந்தபின், வடிவமைக்க வந்தவரே வடிவம் மாறினார்.

மெக்சிகோவின் கவைத்தூண்கள்

நடத்தையியலை இறுதிவரை விடாது பற்றிய ஊர் ஒன்றும் உண்டு. அது மெக்சிகோ நாட்டில் சொனோரா மாநிலத்தில், எர்மோசியோ நகருக்கு அணித்தாக 1973இல் தோன்றிய ‘லோஸ் ஓர்கோனெஸ்’. கூரையைத் தாங்கும் கவைத்தூண்கள் என்பது அப்பெயரின் பொருள். நிறுவியோர், வளர்ச்சி குன்றிய குழந்தைகளுக்குக் கல்வி புகட்டும் பணியில் நடத்தையியல் முறைகளைக் கையாண்டு பயன் கண்டவர்கள். ஒரு குழந்தையை வகுப்பறையில் மாற்றிவிட்டு, மாறாத உலகத்துக்கே மீண்டும் அனுப்புவதில் என்ன பயன் என்ற எண்ணமே அவர்களை ஊர் அமைக்கத் தூண்டிற்று. 1980இல் எர்மோசியோவிலிருந்து மேலும் தொலைவில் புதிய நிலத்துக்குக் குடிபெயர்ந்தனர்.

இவர்கள் ட்வின் ஓக்ஸ் ஊராரைப் போல் நூலிலிருந்து வரவேட்டை மட்டும் எடுத்துக்கொள்ளவில்லை. சோதனை மனப்பான்மையையே எடுத்துக்கொண்டனர். பகிர்ந்து வாழ்தல், ஒத்துழைத்தல் ஆகியவற்றை வெறும் நற்சொற்களாக விடாமல், எந்தெந்தச் செயல் பகிர்தலாகும் என்று வரையறுத்தனர். தம் நடத்தையைத் தாமே குறித்து வைத்துத் திருத்திக்கொண்டனர். ஆட்சி முறையையும் சோதனைக்கு உட்படுத்தினர். புதினத்துத் திட்டமிடுவோர் முறையை முதலில் கைக்கொண்டு, பின்னர் அதனை விட்டு, ‘ஆளாட்சி’ என்று நாம் பெயர்க்கத்தக்க ஒரு முறையை வகுத்தனர். ஒவ்வோர் ஆளும் தன்னைத் தொடும் செய்தியில் நேரே பங்கு கொள்ளுதலே அதன் சாரம்.

இவ்வூரார் 1992இல் ஆய்விதழ் ஒன்றில் எழுதிய கட்டுரை இயற்கை வலுவூட்டல் பற்றியது. படித்த குழந்தைக்கு மிட்டாய் தருவது செயற்கை. படித்ததனால் கதை விளங்கிய மகிழ்ச்சியே இயற்கை. முன்னதைக் குறைத்துப் பின்னதைப் பெருக்குதலே கல்வி என்பது அவர்கள் வாதம். ஆயினும் இவ்வூர் சில பத்துப் பேரைக் கொண்ட சிற்றூராகவே இருந்தது. ஆயிரம் பேர் வாழும் பேரூர் என்னும் கனவு ஆங்கும் நனவாகவில்லை.

கயிறு யார் கையில்?

இப்போது அந்த ஆட்டு மந்தையின் கயிற்றுக்குத் திரும்புவோம். ஸ்கின்னரைக் கண்டித்தோர் பலர். ‘உரிமைக்கும் மாண்புக்கும் அப்பால்’ என்னும் பொருள்படும் நூலை அவர் 1971இல் வெளியிட்டபோது, நோம் சாம்ஸ்கி முதலானோர் கடுமையாக எதிர்த்தெழுதினர். மனிதனை ஆடாகக் கருதுகின்றார் என்பதே எதிர்ப்பின் உட்பொருள். கயிறு ஒன்று எப்போதும் இருக்கவே செய்கின்றது என்பது ஸ்கின்னரின் நிலைப்பாடு. பெற்றோர், பள்ளி, சந்தை, அரசு யாவும் நம்மை வார்க்கின்றன. தற்செயலாக வார்க்கப்படுவதினும் சிந்தித்து வார்க்கப்படுவது மேல் என்றார் அவர்.

இவ்வாதம் எளிதில் தள்ளத்தக்கதன்று. ஆனால் புதினத்தில் ஒரு செய்தி ஒளிந்துள்ளது. இரண்டாம் வால்டனின் மக்கள் அனைவரும் அவ்வூரின் ஏற்பாட்டால் அமைதியும் இன்முகமும் பெற்றவர்கள். பிரேசியர் ஒருவரே முன்கோபமும் செருக்கும் உடையவர். ஏனெனில் அவர் அவ்வூரின் வளர்ப்பு அல்லர். கயிற்றைக் கட்டியவர் கயிற்றுக்குள் பிறந்தவர் ஆகார்.

உண்மையான ஊர்களைத் தடுக்கிவிட்டது இதுவே. இக்குடியிருப்புகளை ஆராய்ந்து 2005இல் நூல் வெளியிட்ட ஹில்கே கூல்மன் என்பார் இதனைத் தெளிவாகக் காட்டியுள்ளார். புதினத்தைப் படித்து ஊர் அமைக்க வந்தவர்களுள் பலர் தம்மைப் பிரேசியராகவே கண்டனர். மனநிறைவோடு ஆடு மேய்க்கும் உறுப்பினராகத் தம்மைக் கண்டவர் அரியர். கட்டுவோர் பலர், கட்டுப்படுவோர் இலர் எனின், வரைபடம் எத்துணைச் சிறந்ததாயினும் ஊர் நில்லாது. ஊர் கூடித் தேர் இழுக்கும்போது அனைவரும் தேரின்மேல் ஏறி நிற்க விரும்பினால் வடம் பிடிப்பவர் யார்?

ட்வின் ஓக்ஸ் பிழைத்தது இக்கருத்தை உணர்ந்தமையால் எனலாம். காலப்போக்கில் அவ்வூர் தன்னை இரண்டாம் வால்டன் என்று கூறிக்கொள்வதை விட்டது. குழந்தைகளைப் பொதுவில் வளர்க்க, 1910இல் பாலத்தீனத்தில் தோன்றிய முதல் கிபுட்ஸ் ஊரின் பெயரால் ‘டெகானியா’ என்றோர் இல்லம் கட்டினர். பெற்ற மனம் அதற்கு இசையாதபோது அம்முறையையும் நெகிழ்த்தனர். விட்டவை பல. விடாதவை இரண்டு: பொதுவுடைமையும் வரவேடும். 1974இல் மிசௌரி மாநிலத்தில் எழுந்த ‘ஈஸ்ட் விண்டு’ ஊருக்கும் இவ்விரண்டையுமே வித்தாகத் தந்தனர். ஸ்கின்னர் ஒருமுறை ட்வின் ஓக்ஸுக்கு நேரில் சென்று பார்த்தார். ஆனால் தாம் எக்குடியிருப்பிலும் சேர்ந்து வாழ்ந்தாரில்லை. ஹார்வர்டு பல்கலைக்கழகத்திலேயே தொண்டாற்றி 1990இல் மறைந்தார்.

கின்கேடு அம்மையார் 1973இல் முதல் ஐந்தாண்டு வரலாற்றை எழுதினார். ஸ்கின்னர் அதற்கு முன்னுரை வழங்கினார். 1994இல் மீண்டும் ஒரு நூல் எழுதினார். இலட்சிய ஊர் வந்துவிட்டதா என்ற கேள்வியே அதன் தலைப்பு. இடையில் ஊரை விட்டு நீங்கினார், திரும்பினார். மீண்டும் நீங்கினார், மீண்டும் திரும்பினார். 2008இல் அவ்வூரிலேயே, அவ்வூராரின் பராமரிப்பில் உயிர் நீத்தார். முதியவரைப் பேணிய அம்மணி நேரங்களும் அந்த வரவேட்டில் ஏறியிருக்கும். அறுபதுகளில் ஏட்டிலே கண்ட ஊரைத் தேடிப் புறப்பட்ட ஒருவருக்குத் தலை சாய்க்க உண்மையாகவே ஓர் ஊர் இருந்தது என்பது சிறிய வெற்றியன்று.

நிறைவுரை

ஏட்டுச் சுரைக்காய் அப்படியே கறிக்கு உதவவில்லை. ஆனால் அதன் விதையில் சில முளைத்தன. இவ்வூர்களின் வரலாறு நமக்கு உணர்த்துவன இரண்டு. நல்லெண்ணத்தை மட்டும் நம்பி நடக்கும் எவ்வமைப்பிலும் சுமை முழுதும் நல்லவர் தோளிலேயே விழும். எனவே கணக்கும் ஏற்பாடும் வேண்டும். ஆனால் அக்கணக்கு, மேலிருந்து ஒருவர் மற்றவரை வார்ப்பதற்காக எழுதும் கணக்காக இருத்தல் ஆகாது. எழுதுபவர் பெயரும் அதே ஏட்டில், அதே வரிசையில் இருத்தல் வேண்டும். சூரியகாந்தி இல்லம் முன்னதைக் காட்டிற்று. ட்வின் ஓக்ஸ் பின்னதைக் காட்டிற்று.

அடுத்த விழாவின்போது பாத்திரம் துலக்குவோர் பட்டியல் ஒன்றை நாம் எழுதக்கூடும். அப்பட்டியலில் தலைவர், செயலர், பொருளாளர் பெயர்களும் இடம்பெறுமாயின், மற்றவர்களை அழைப்பது அத்துணை அரிதாக இராது. கடல் கடந்த அவ்வூரார் அரை நூற்றாண்டு உழைத்துக் கண்ட உண்மையை நாம் ஒரு மாலைப் பொழுதிலேயே செய்து பார்த்துவிடலாம்.